வெளிநாட்டு புக்கிங்: கார்டு ஏன் மறுக்கிறது, பில் ஏன் வீங்குகிறது

பாங்காக்கில் ஒரு ஹோட்டல் அறை. முன்பதிவுத் தளம் விலையை ரூபாயில் காட்டுகிறது, பணமும் ரூபாயிலேயே போகிறது. ஓடிபி கேட்கவில்லை; பணம் எடுத்தாயிற்று என்ற குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. மாதக் கடைசியில் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தால் அறை வாடகைக்குக் கீழே ஒரு சிறு தொகை, அதன்மேல் ஜிஎஸ்டி தனியாக. "ரூபாயில்தானே கட்டினேன், இது எங்கிருந்து வந்தது?" என்று வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டுச் சண்டை போடுபவர்கள் ஏராளம். வங்கி பிடித்தது பெரும்பாலும் விதிப்படி சரியாகவே இருக்கும், அதுதான் கூடுதல் எரிச்சல்.

இந்தியக் கார்டில் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டும்போது இரண்டு தொல்லைகள் வருகின்றன. ஒன்று, கார்டு மறுக்கப்படுவது. மற்றது, எதிர்பாராத கட்டணம். இரண்டையும் தனித்தனிப் பிரச்சினை என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் நிற்கின்றன: உங்கள் பணத்தை வாங்கிக்கொள்ளும் வியாபாரியின் வங்கி எந்த நாட்டில் இருக்கிறது? திரையில் தெரியும் நாணயமோ, செயலியில் நீங்கள் தேர்ந்தெடுத்த நாடோ இதற்குப் பதில் சொல்லாது.

‘பணம் கட்டு’ பொத்தானை அழுத்தியதும் விவரம் இணையதளத்தின் கட்டண வாயிலுக்குப் போகிறது. அங்கிருந்து வியாபாரியின் வங்கிக்கு, பிறகு விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்புக்கு, கடைசியாகக் கார்டு கொடுத்த உங்கள் வங்கிக்கு. பதில் அதே வழியில் திரும்புகிறது. இரு பக்க வங்கிகளும் இந்தியாவில் இருந்தால் அது உள்நாட்டுப் பரிவர்த்தனை. வியாபாரியின் வங்கி வெளியே இருந்தால், தொகை ரூபாயாகவே இருந்தாலும், எல்லை தாண்டிய பரிவர்த்தனை. எல்லை தாண்டியதும் ஓடிபி கட்டாயம் என்ற விதி விலகிவிடுகிறது, கார்டில் சர்வதேசப் பயன்பாடு இயக்கப்பட்டிருக்க வேண்டியதாகிறது, கட்டணமும் சேர்கிறது.

ஹோட்டல் முன்பதிவுத் தளமான அகோடா சிங்கப்பூரில் பதிவான நிறுவனம். புக்கிங் டாட் காமின் தலைமையகம் ஆம்ஸ்டர்டாம். இவை ரூபாயில் விலை காட்டுவது நம் வசதிக்கு. பணம் போய்ச் சேரும் வங்கி எங்கேயும் இருக்கலாம். சில அறைகளுக்குத் தளம் பணமே வாங்காது. உங்கள் கார்டு எண்ணை ஹோட்டலுக்குக் கொடுத்துவிடும். அப்போது தாய்லாந்து ஹோட்டல் தாய்லாந்து வங்கி வழியாக, அந்நாட்டு நாணயமான ‘பாட்’ கணக்கில் பணத்தை இழுக்கும். அதே அறையை மேக்மைட்ரிப் போன்ற இந்தியத் தளத்தில் எடுத்தால் பணம் இந்திய வங்கிக்குப் போகிறது, ஓடிபி வருகிறது, அந்நியச் செலாவணிக் கட்டணம் இல்லை. அறை வாடகையே அங்கே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், அது தனிக் கணக்கு.

பணம் எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். கட்டணப் பக்கத்தில் யுபிஐ, நெட்பேங்கிங் இரண்டும் இருந்தால், அந்தத் தளத்துக்கு இந்தியாவுக்குள் பணம் வாங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. வெளிநாட்டு வியாபாரிகளுக்காக இந்தியாவில் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 31-இல் தனி விதிமுறை வகுத்தது. அதன் பிறகு வெளிநாட்டுத் தளங்களிலும் யுபிஐ கண்ணில் படத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஒரு தளம் யுபிஐ-யை இந்திய வழியிலும் கார்டை வெளிநாட்டு வழியிலும் அனுப்பக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் யுபிஐ-யில் கட்டினால் கார்டுக் கட்டணம் என்ற பேச்சே எழாது. ரூபாய் விலைக்குள் தளம் நாணய மாற்றத்துக்கான தன் லாபத்தை வைத்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமான டிக்கெட்டில் வேறு மாதிரி. பொதுவாகப் பயணம் தொடங்கும் நாட்டின் நாணயத்தில்தான் விலை வரும். சென்னையில் கிளம்பி கோலாலம்பூர் போய்த் திரும்பும் டிக்கெட் ரூபாயில் வரும். பெரிய விமான நிறுவனங்கள் அதை இந்தியாவிலேயே வசூலிப்பதும் உண்டு. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வரும் டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் மலேசிய ரிங்கிட், எல்லை தாண்டிய கட்டணம். போக ஒன்று, வர ஒன்று எனப் பிரித்து வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

கட்டணம் எப்படி ஏறுகிறது

இந்தியக் கார்டுகள் பலவற்றில் அந்நியச் செலாவணி மார்க்அப், அதாவது நாணயம் மாற்ற வங்கி வாங்கும் கூடுதல் கட்டணம், 3.5 சதவீதம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 4.13 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் ஹோட்டல் பில்லுக்கு 4,130 ரூபாய் கூடுதல். மேல்தட்டுக் கார்டுகளில் மார்க்அப் 2 சதவீதம் வரை இறங்கும். பூஜ்ஜியம் என்று சொல்லி வரும் கார்டுகளும் இருக்கின்றன: ஃபெடரல் வங்கியின் ஸ்கேபியா, ஐடிஎஃப்சி ஃபர்ஸ்ட் வங்கி வைப்புத்தொகையின் பேரில் தரும் வாவ், நியோ குளோபல் டெபிட் கார்டு. விதிமுறைகளை இந்த நிறுவனங்கள் அடிக்கடி மாற்றுவதால், வாங்கும் நாளில் கட்டணப் பட்டியலைப் படித்துவிடுவது நல்லது.

மார்க்அப் எதன்மேல் ஏறுகிறது? விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் தினமும் ஒரு மாற்று விகிதம் வெளியிடுகின்றன. மொத்தச் சந்தை விகிதத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். பணமாற்றுக் கடையில் எழுதிவைத்திருப்பதைவிட நல்ல விலை. இரண்டின் இணையதளங்களிலும் கணிப்பான் இருக்கிறது: நாணயம், தேதி கொடுத்தால் ரூபாய் மதிப்பு வந்துவிடும். பணம் இறுதியாகக் கணக்கில் ஏறும்போது விகிதம் சற்று மாறியிருக்கலாம், ஏனென்றால் வியாபாரி கணக்கு முடித்து அனுப்ப ஓரிரு நாள் ஆகும்.

இனி, பலரும் தெரியாமல் பணத்தை விடும் இடம். வெளிநாட்டு ஹோட்டல் வரவேற்பறையில் கார்டு இயந்திரத்தை நீட்டி "ரூபாயா, பாட்டா?" என்று கேட்பார்கள். இணையதளத்தில் கேட்காமலேயே ரூபாயைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். ரூபாய் என்றால் நமக்குத் தெரிந்த கணக்கு, அதில் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் விலை. அங்கே மாற்று விகிதத்தை முடிவு செய்வது விசாவோ மாஸ்டர்கார்டோ இல்லை; வியாபாரியும் அவருடைய கட்டணச் சேவை நிறுவனமும். தங்கள் லாபத்தைச் சேர்த்தே விகிதம் சொல்வார்கள். 5 சதவீதம் ஏற்றி வைப்பதெல்லாம் சர்வசாதாரணம். எந்த நாணயத்தில் கட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வலையமைப்புகளின் விதிப்படி உங்களுடையது. "வேண்டாம், உள்ளூர் நாணயத்தில் போடுங்கள்" என்று சொல்லலாம். ரூபாயில் போட்டுவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

கதை அதோடு முடிவதில்லை. வெளிநாட்டு வியாபாரியிடம் ரூபாயில் கட்டினால் மார்க்அப் வாங்க வங்கிக்கு வழியில்லை, நாணய மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. அதை ஈடுகட்ட, அப்படிப்பட்ட ரூபாய்ப் பரிவர்த்தனைக்கென்றே 1 சதவீதமோ அதற்கு மேலோ தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன சில வங்கிகள், ஜிஎஸ்டி தனி. பாங்காக் அறையின் ஸ்டேட்மெண்ட்டில் தெரிந்த சிறு தொகை இதுதான். பூஜ்ஜிய மார்க்அப் கார்டு வைத்திருப்பவர்கூட ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் வியாபாரியின் விகிதத்தில் மாட்டிக்கொள்வார். கார்டு வாங்கியதன் பலனே போய்விடும்.

அப்படியானால் எப்போதும் உள்ளூர் நாணயம்தானா? பூஜ்ஜிய மார்க்அப் கார்டு என்றால் ஆம், யோசிக்கவே வேண்டாம். 3.5 சதவீதக் கார்டு என்றால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. அறை 6,000 பாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசா கணிப்பானில் அதன் ரூபாய் மதிப்பைப் பார்த்து 1.0413-ஆல் பெருக்குங்கள். தளம் காட்டும் ரூபாய் விலையை 1.0118-ஆல் பெருக்குங்கள் (வங்கியின் தனிக் கட்டணம் 1 சதவீதம் என்றால்). எது குறைவோ அதில் கட்டுங்கள். தளத்தின் மாற்று லாபம் 2 சதவீதத்துக்குள் இருந்தால் ரூபாயே ஜெயிக்கும். வரவேற்பறை இயந்திரத்தில் அப்படி நடப்பது அபூர்வம். பெரிய முன்பதிவுத் தளங்களில் நடக்கும்.

ரீஃபண்ட் வந்தாலும் முழுத் தொகை வராமல் போகலாம். திரும்பி வரும் பணம் அன்றைய விகிதத்தில் மாற்றப்படுகிறது; முதலில் பிடித்த மார்க்அப்பைப் பல வங்கிகள் திருப்பித் தருவதில்லை. ‘இலவச ரத்து’ என்று போட்டிருக்கும் அறையை முன்கூட்டியே பணம் கட்டி எடுத்துவிட்டுப் பிறகு ரத்து செய்தால், ஹோட்டல் ஒரு பைசா பிடிக்காவிட்டாலும் உங்களுக்கு நஷ்டம் வரலாம். திட்டம் உறுதியாகாத பயணத்துக்கு ‘தங்கும்போது கட்டு’ வகைதான் நல்லது.

ஃபாரெக்ஸ் கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாலரோ யூரோவோ முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு இது. ஏற்றும்போதே விகிதம் உறுதியாகிவிடும் என்பது லாபம். அந்த விகிதத்துக்குள் விற்பவரின் லாபம் ஒளிந்திருக்கும். நாணய மாற்றத்துக்கான ஜிஎஸ்டி தனி, குறைந்தது 45 ரூபாய். டாலர் ஏற்றிய கார்டை ஜப்பானில் தேய்த்தால் நாணயம் மாற்றும் கட்டணம் மறுபடி விழும். ஒரே நாட்டுக்கு, கார்டில் இருக்கும் நாணயத்திலேயே செலவு செய்யப் போகிறவர்களுக்குப் பொருந்தும்.

வரி விஷயத்தில் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. டெபிட் கார்டு, ஃபாரெக்ஸ் கார்டு செலவுகள், ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் என்ற தனிநபர் அந்நியச் செலாவணி வரம்புக்குள் எண்ணப்படுகின்றன. அந்த வகையில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் (2025 ஏப்ரலுக்கு முன் 7 லட்சம்) மிகுதிக்கு 20 சதவீத டிசிஎஸ், அதாவது பணம் கட்டும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி. கிரெடிட் கார்டையும் இதில் சேர்க்க அரசு 2023 மே மாதம் விதியை மாற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 28-இல் அதைத் தள்ளிவைத்தது. அதனால் வெளிநாட்டில் இருந்தபடி கிரெடிட் கார்டில் செய்யும் செலவு இந்த எண்ணிக்கையில் வராது. இந்திய ஏஜென்ட்டிடம் வாங்கும் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் உண்டு. விகிதத்தைப் பட்ஜெட்டில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எப்படியும் அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம்தான். அதுவரை கையில் இருக்காது, அவ்வளவே.

மறுப்பு எங்கிருந்து வருகிறது

வேலைசெய்யாத கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் சப்பென்று இருக்கும்: சர்வதேசப் பயன்பாடு அணைக்கப்பட்டிருக்கிறது. 2020 ஜனவரி 15-இல் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி புதிதாக வழங்கும், மாற்றி வழங்கும் கார்டுகள் எல்லாம் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும் நிலையில்தான் கைக்கு வர வேண்டும். ஆன்லைன், சர்வதேசம், இயந்திரத்தில் செருகாமல் தட்டிக் கட்டும் வசதி மூன்றையும் நாமேதான் இயக்க வேண்டும். கொரோனாவால் தள்ளிப்போய் அந்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பழைய கார்டு காலாவதியாகிப் புதியது வரும்போது வங்கிச் செயலியில் உள்ள இந்த சுவிட்சுகள் மறுபடி அணைந்திருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்னொன்று, சுவிட்சை இயக்கினால் மட்டும் போதாது. சர்வதேச ஆன்லைன் வரம்பு தனியாக இருக்கும். சில செயலிகளில் அது மிகச் சிறிய தொகையில், சமயத்தில் பூஜ்ஜியத்திலேயே நிற்கும்.

அடுத்தது ஓடிபி. இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல் ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்கு இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். 2014-இல் ஊபர் இந்தியப் பயணங்களுக்கான பணத்தை வெளிநாட்டு வங்கி வழியாக எடுத்து ஓடிபியைத் தவிர்த்துவந்தபோது, இந்தியர்களுக்குள் நடக்கும் வியாபாரத்தில் அது செல்லாது என்று ரிசர்வ் வங்கி முடிவாகச் சொல்லிவிட்டது. உண்மையான வெளிநாட்டு வியாபாரியை அந்த விதி தொடவில்லை. அமெரிக்கத் தளம் கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று இலக்கம் இவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு பணத்தை எடுத்துவிடும். சில இந்திய வங்கிகள், குறிப்பாக டெபிட் கார்டுகளில், சரிபார்ப்பு இல்லாமல் வரும் இத்தகைய கோரிக்கைகளை மறுத்துவிடுகின்றன. நமக்கு அது கார்டின் கோளாறாகத் தெரிகிறது. ஓடிபியே கேட்கவில்லையே, எப்படி மறுத்தார்கள் என்று வியக்கிறோம். கேட்காததால்தான் மறுத்தார்கள்.

ஐரோப்பாவில் நேர் எதிர். 2019 செப்டம்பரில் தொடங்கிப் படிப்படியாக அங்கே வலுவான சரிபார்ப்புக் கட்டாயமானது. ஜப்பானிலும் 2025 மார்ச் இறுதிக்குள் ஆன்லைன் வியாபாரிகள் இதை ஏற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. புல்லட் ரயில் டிக்கெட் தளத்திலும் இந்தக் கட்டத்தைத் தாண்டியாக வேண்டும். இங்கெல்லாம் ஓடிபி வந்தால்தான் வேலை நடக்கும். பயணத்தின் நடுவில் உள்ளூர் சிம் போட்டுக்கொண்டு இந்திய எண்ணைக் கழற்றிப் பையில் வைத்தவர்கள் மாட்டுவது இப்படித்தான். கிளம்பும் முன்பே இந்திய எண்ணில் ரோமிங்கை இயக்கி, இரண்டாம் சிம்மாகப் போனிலேயே விட்டுவைக்க வேண்டும். டேட்டாவை அணைத்துவிடுங்கள், குறுஞ்செய்தி வாங்குவதற்குப் பொதுவாகக் காசு கிடையாது.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் தளங்களில் முகவரிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் கொடுத்த வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் வங்கியின் பதிவோடு பொருந்துகிறதா என்று வியாபாரி கேட்கிறார். இந்திய வங்கிகள் பெரும்பாலும் இதில் சேரவில்லை. ‘சரிபார்க்க முடியாது’ என்ற பதில்தான் போகும். பெரிய நிறுவனங்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. கெடுபிடியான சிறு தளங்கள் மறுத்துவிடும். அப்போது உங்கள் வங்கி ‘சரி’ சொல்லியும் டிக்கெட் கிடைக்காது, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடாத கதை. ஐந்து இலக்கக் குறியீடு மட்டும் ஏற்கும் படிவத்தில் நம் ஆறு இலக்க பின்கோடு நுழையவே நுழையாது. வங்கியைத் திட்டிப் பயனில்லை. அதே பயணத்தை வேறு தளத்தில் எடுப்பதே வழி.

மறுத்தது யார் என்று கண்டுபிடிக்க உங்கள் போனைப் பாருங்கள். வங்கியிலிருந்து ‘பரிவர்த்தனை நிராகரிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தியோ செயலி அறிவிப்போ வந்திருந்தால் மறுத்தது உங்கள் வங்கி. எதுவுமே வரவில்லை என்றால் கோரிக்கை அங்கே போய்ச் சேர்ந்திருக்காமலே இருக்கலாம். வங்கி மறுக்கும்போது இரண்டு இலக்கக் குறியீடு ஒன்றைத் திருப்பி அனுப்பும்: 51 என்றால் பணம் போதவில்லை, 54 காலாவதி, 57 இந்தக் கார்டுக்கு இந்த வகைப் பரிவர்த்தனைக்கு அனுமதியில்லை, 61 தொகை வரம்பைத் தாண்டியது, 05 காரணம் சொல்லாத மறுப்பு. இணையதளம் இதையெல்லாம் மறைத்து ‘மன்னிக்கவும், மறுபடி முயலவும்’ என்று மட்டும் காட்டும். வாடிக்கையாளர் சேவையில் "என்ன குறியீட்டில் மறுக்கப்பட்டது?" என்று கேளுங்கள். ‘சர்வர் பிரச்சினை சார்’ என்ற பதிலைவிட உருப்படியானது கிடைக்க வாய்ப்பு அதிகம். மறுபடி மறுபடி அழுத்துவது மட்டும் கூடாது. கொஞ்ச நேரத்தில் ஒரே தொகைக்குப் பல முயற்சி என்றால் மோசடி என்று கருதி வங்கி கார்டையே முடக்கிவிடலாம். இரண்டு முறை தோற்றால் வேறு கார்டுக்கு மாறுங்கள். முடிந்தால் அது வேறு வங்கி, வேறு வலையமைப்பு. ரூபே கார்டு மட்டுமே வைத்திருந்தால் அது சர்வதேச வகையா என்று பாருங்கள். பெரும்பாலும் டிஸ்கவர், டைனர்ஸ் கிளப், ஜேசிபி வலையமைப்புகளை ஏற்கும் இடங்களில்தான் அதுவும் செல்லும்.

ஹோட்டலில் நுழைந்ததும் டெபாசிட் என்று ஒரு தொகையைக் கார்டில் நிறுத்திவைப்பார்கள். கிரெடிட் கார்டில் அது லிமிட்டைக் குறைக்கும், அவ்வளவுதான். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். விடுபட ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். வாடகைக் கார் நிறுவனங்கள் பல, வண்டி ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும், நிறுத்திவைக்கும் தொகையும் பெரியது. பணம் முழுதும் கட்டியாயிற்று என்று டெபிட் கார்டோடு போய் நின்றால் சாவி கிடைக்காமல் போகலாம். செயலியில் உருவாக்கும் மெய்நிகர் கார்டில் புக் செய்தாலும் இதே சிக்கல் வரலாம்: சில ஹோட்டல்களும் விமான நிறுவனங்களும், புக் செய்த கார்டைக் கையில் காட்டச் சொல்கின்றன.

புக்கிங் முடிந்ததும் சர்வதேச சுவிட்சை அணைத்துவிடுவது நல்ல பழக்கம், ஓடிபி இல்லாமல் பணம் போகக்கூடிய வழி அதுதான் என்பதால். ஆனால் ‘பிறகு கட்டு’ என்று எடுத்த அறைகளைக் குறித்துவைத்துக்கொண்டு அணையுங்கள். ஹோட்டல் பணம் எடுக்க முயலும் நாளில் சுவிட்ச் அணைந்திருந்தால் மறுப்பு வரும். கொடுத்த அவகாசத்துக்குள் வேறு கார்டு தராவிட்டால் அறை கைவிட்டுப்போகும். தெரியாத வெளிநாட்டுப் பெயரில் பணம் போயிருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொல்லிவிடுங்கள். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியினுடையதோ அல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், அந்த அவகாசத்துக்குள் சொன்னவருக்குப் பொறுப்பு பூஜ்ஜியம்.

ஓடிபி விஷயம் மறுபடி மாறுகிறது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 25-இல் வெளியிட்ட புதிய சரிபார்ப்பு விதிமுறைகள், எல்லை தாண்டிய ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைகளுக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லி இந்திய வங்கிகளுக்கு 2026 அக்டோபர் 1 வரை அவகாசம் தந்தன. வெளிநாட்டு வியாபாரியோ அவருடைய வங்கியோ சரிபார்ப்பு கேட்டால், இந்திய வங்கி அதைச் செய்து கொடுத்தாக வேண்டும். கேட்டால் மட்டும்தான். ஓடிபி கேட்கும் பழக்கமே இல்லாத அமெரிக்க ஹோட்டலைக் கேட்கவைக்க ரிசர்வ் வங்கியால் முடியாது.